ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவம் படிக்கிற பிள்ளைகளின் மனச்சுமை பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தில் கேட்டார்கள். சரி என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் ஒன்று தோன்றியது. அந்தப் பிள்ளைகள் இதைக் கேட்கப் போவதில்லை. காலையில் இந்த நேரத்தில் கையில் கேஸ் ஷீட்டோடு ரவுண்ட்ஸில் நிற்பார்கள். குலசேகரத்திலோ குளச்சலிலோ அடுப்படியில் ரேடியோவைப் போட்டுவிட்டுக் கேட்பது அவர்களைப் பெற்றவர்கள்தான். அதனால் உங்களிடமே பேசிவிடுகிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பிள்ளை டாக்டருக்குப் படிக்கப் போனால் அது அந்த வீட்டோடு நிற்பதில்லை. கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண வீடு, எங்கே போனாலும் "பிள்ளை இப்ப எந்த வருஷம்?" என்று ஊரே கேட்கும். பெருமைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு "எனக்கு முடியல" என்று சொல்வது லேசான காரியமில்லை.

நான் பொது மருத்துவத்தில் பி.ஜி., அதாவது மேற்படிப்பு, படித்தது மாவட்டத்துக்கு வெளியே. அங்கே அட்மிஷன் டே என்று ஒன்று உண்டு. காலை 8 மணிக்கு உள்ளே போனால் ஓ.பி., அப்புறம் அட்மிஷன், ராத்திரி முழுக்க கேஷுவால்ட்டி என்கிற அவசரப் பிரிவிலிருந்து போன். விடிந்ததும் குளிக்காமலே ரவுண்ட்ஸ், டிஸ்சார்ஜ் சம்மரி, லேபுக்கு ஓட்டம். ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது சாயங்காலம் 6 மணி. கணக்குப் போட்டால் 34 மணி நேரம்.

ஏழாவது மாதம் ஒரு ராத்திரி ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நோயாளியின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் என் பெயரை எழுதினேன். லேபிலிருந்து சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார்கள். நானும் சிரித்தேன். அதே வாரம் பதினேழாம் பெட்டில் களியக்காவிளைப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார், இதயத்தில் நீர் கோத்து வந்தவர். என் பேச்சைக் கேட்டதுமே நம்ம ஊர்க்காரி என்று கண்டுபிடித்துவிட்டார். ஊசி போடக் கையைப் பிடித்தபோது, "சாப்பிட்டியா மக்ளே?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. சாப்பிட்டேனா இல்லையா என்று யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற கோபம். "பேசாம படுங்க" என்றேன். எதிர் பெட் காலையில் இறந்துபோனது. சம்மரி எழுதும்போது என் மனதில் ஓடியது, ஒரு பெட் குறைந்தது என்பது மட்டும்தான்.

இதற்குத்தான் பர்ன்-அவுட் என்று பெயர். பத்திரிகைகளில் மனச்சோர்வு என்று எழுதிவிடுகிறார்கள்; அது டிப்ரஷனைக் குறிக்கிற சொல். இது வேறு, பாராமல் விட்டால் அதில் போய் முடியலாம் என்றாலும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை நோய் என்று வகைப்படுத்தாமல், வேலையிடத்தோடு சேர்ந்து வருகிற நிலை என்றே குறித்தது. தீராத அசதி, வேலையின் மீதும் மனிதர்கள் மீதும் ஒரு வெறுப்பு, தான் செய்வதெல்லாம் வீண் என்ற நினைப்பு. நடுவில் சொன்ன வெறுப்புதான் டாக்டரிடம் மோசமானது. அது வந்த பிறகு நோயாளிக்குப் பெயர் கிடையாது, பெட் நம்பர்தான்.

என் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். வெட்டிய மரம் உள்ளே பாலைத் திரும்ப ஊற வைக்க நேரம் வேண்டும். ஆசைப்பட்டு தினமும் வெட்டினால் கொஞ்ச காலத்துக்குக் கூடுதலாக வரும், பிறகு பட்டை காய்ந்துவிடும். வெளியே பார்த்தால் மரம் பச்சையாகத்தான் நிற்கும். கத்தி வைத்தால் சிரட்டையில் சொட்டு விழாது. அப்போது வெட்டை நிறுத்தி ஓய்வு கொடுப்பதைத் தவிர பெரிதாகச் செய்வதற்கில்லை. மரம் சோம்பேறி என்று எந்த முதலாளியும் திட்டியதாக நான் கேட்டதில்லை.

தூக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைவேலை, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு மட்டுப்படுகிறது, 24 மணி நேரமானால் 0.10 அளவுக்கு என்று 1997-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதித்த அளவு 0.03. மார்த்தாண்டம் பாலத்தடியில் போலீஸ் ஊதச் சொல்லிப் பிடிக்கிற ஆளைவிட நிதானம் குறைந்த ஒருவர்தான், விடியற்காலை நாலு மணிக்கு உங்கள் மாமனாருக்கு மருந்தின் அளவைக் கணக்குப் போடுகிறார். ஆக இது டாக்டர் பிள்ளைகளின் சொந்தக் கஷ்டம் மட்டுமல்ல.

விதி இல்லையா என்றால், இருக்கிறது. பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று மத்திய அரசு 1992-லேயே சொன்னது. 2023-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி வந்தது. வாரம் ஒருநாள் விடுப்பு, வருஷத்துக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு, அப்புறம் 'நியாயமான' வேலை நேரம். எத்தனை மணி நேரம் நியாயம் என்று எண் போடவில்லை. மறு வருஷம் அதே ஆணையம் அமைத்த குழு, வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. 1992-ல் 48, 2024-ல் 74. எனக்கு இது முன்னேற்றமாகத் தெரியவில்லை.

இதை வீட்டிலிருந்து நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் பிள்ளை போனில் "முடியல" என்றால், "இன்னும் எத்தனை மாசம் பாக்கி?" என்று கேட்காதீர்கள். எப்போது தூங்கினாய் என்று கேளுங்கள். வாழ்வது எதற்கு என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், பஸ் ஏறிப் போய் நேரில் பாருங்கள். தனியே விட வேண்டாம். 14416 என்ற எண் இருக்கிறது. டெலி மானஸ், கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். தன் காலேஜ் மனநல ஓ.பி.க்குப் பிள்ளை போக மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அங்கே சீட்டு எழுதுவது கூடப் படிக்கிற ஆளாக இருக்கும். வேறு ஊரில் காட்டலாம். சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டத்திலேயே இருக்கிறது.

என் வீட்டில் நான் சொன்னபோது அம்மா, "பல்லைக் கடிச்சிட்டு இரு மக்ளே" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை ஹாஸ்டல் வாசலில் நின்றார், தோளில் துண்டோடு. அன்று வெட்டு இல்லாத நாள். தோசை வாங்கித் தந்தார். சாப்பிட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். எழுந்தபோது எதிரில் அப்படியே உட்கார்ந்திருந்தார். "லீவு கேட்டியா?" என்றார். அதுவரை நான் கேட்கவே இல்லை. கேட்டேன், முனகிக்கொண்டே நாலு நாள் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம் வேறு ஊரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன், மாத்திரையும் சாப்பிட்டேன்.

அந்த நாலு நாளில் மூன்று நாள் தூக்கம்தான். நாலாம் நாள் பின்வாசலில் உட்கார்ந்திருந்தபோது பதினேழாம் பெட் அம்மாவின் பெயர் ஞாபகம் வந்தது. நான் திரும்பிப் போனபோது அவர் குணமாகி வீட்டுக்குப் போயிருந்தார்.