சரிபண்ணா இன்னொண்ணு உடையும்

வணக்கம். பேசக் கூப்பிட்டதுக்கு நன்றி. நான் ரன்டைம் பக்கம் அப்பப்போ பேட்ச், அதாவது கோடுக்கு சின்னத் திருத்தம், அனுப்பற ஆளு. ரன்டைம்னா, நீங்க எழுதற ப்ரோக்ராம அடியில இருந்து ஓட்டற இன்னொரு ப்ரோக்ராம். பைத்தானுக்கு சிபைத்தான், ஜாவாஸ்கிரிப்ட்ட பிரவுசருக்கு வெளிய ஓட்ட நோட் ஜேஎஸ். ரெண்டும் ஓப்பன் சோர்ஸ், யார் வேணா கோட பாக்கலாம், பேட்ச் அனுப்பலாம், அனுப்பினா சேத்துக்குவாங்களாங்கறது வேற கத.

முதல்ல நான் நினைச்சது, பக், அதாவது கோடுல இருக்கற தப்ப, கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம்னு. அப்படி இல்லைங்க. அடியில கை வெச்சா மேல இருக்கறதெல்லாம் ஆடும், அதனால இத சரிபண்ணா யாருக்கு என்ன உடையும்னு பேசித் தீக்கறதுலதான் பாதி நாள் போகும்.

பைத்தான்ல நடந்த ஒண்ணு சொல்றேன். அங்க முழு எண் எவ்ளோ பெருசா வேணா இருக்கலாம். ஆனா நீளமான எண்ண எழுத்தா மாத்தவோ, எழுத்த எண்ணா மாத்தவோ ஆகற நேரம், அப்போ இலக்கம் ரெட்டிச்சா கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆச்சு. எவனாவது வேணும்னே லட்சக்கணக்கான இலக்கத்த ஒரு சர்வருக்கு அனுப்பினா சர்வர் அந்த ஒரு கணக்குலயே உக்காந்துடும். பாதுகாப்பு ஓட்டைங்களுக்கு பொதுவா ஒரு நம்பர் குடுப்பாங்க, சிவிஇனு பேரு, இதுக்கு சிவிஇ-2020-10735, நம்பர்ல இருக்கறது 2020, ஃபிக்ஸ் வெளிய வந்தது 2022 செப்டம்பர்ல! 4300 இலக்கத்த தாண்டினா எரர், அவ்ளோதான் ஃபிக்ஸு. அத பழைய வெர்ஷனுக்கும் பேக்போர்ட் பண்ணாங்க, 3.7 வரைக்கும்.

பெரிய எண்ணோட வேல செய்யற கணக்குக்காரங்களுக்கு சுர்ருனு ஏறிடுச்சு. 2000 ஃபேக்டோரியல், அதாவது 1ல இருந்து 2000 வரைக்கும் எல்லாத்தையும் பெருக்கினது, அதுக்கு 5736 இலக்கம், நேத்து வரைக்கும் ப்ரின்ட் ஆச்சு, சின்ன அப்டேட் போட்டதும் எரர்னா கோவம் வராதா? தலைவலி போய் திருகுவலி. செக்யூரிட்டி ஆளுங்க சொன்னதும் நியாயம்தான், சர்வர் நடத்தறவங்க ஒவ்வொருத்தரா கோட மாத்திட்டு இருக்க முடியாது. லிமிட்ட மாத்திக்கலாம், 0 போட்டா லிமிட்டே இல்லனு வழி வெச்சுருந்தாங்க, அப்புறம் 3.12ல மாத்தற கணக்கையே வேகமாக்கினாங்க, ஆனா லிமிட் மட்டும் போகல. நானா இருந்தா வேகமாக்கற வேலைய முன்னாடி செஞ்சிருப்பேன், வெளிய இருந்து சொல்றது ஈஸி, அதுவும் தெரியும்.

என் கதைக்கு வரேன். ஒரு ரன்டைம்ல கிராஷ், ரிப்போர்ட் போட்டேன், "இங்க வரலையே"னு ஒரே வரி பதில். வரும்னு காட்டணும்ல, என் ப்ரோக்ராம வெட்டி வெட்டி ஒன்பது வரிக்கு கொண்டு வந்தேன், அப்புறம் கிட் பைசெக்ட், அதாவது ஆயிரம் கமிட் (கோடுல ஒவ்வொரு தடவையும் பதிவு பண்ணின மாத்தம்) இருந்தா நடுவுல பாரு, பாதிய தள்ளு, மறுபடி நடுவுல பாருனு பத்து தடவைல குத்தவாளி கமிட் மாட்டிடும். மாட்டுச்சு. எழுதினவரே வந்து "ஆமா, என்னோடதுதான்"னாரு, ஒரு கோவமும் இல்ல, ஆனா என் ரெண்டு வரி பேட்ச்ச பாத்துட்டு இது வேகத்த கெடுக்கும், இத எழுதினதே வேகத்துக்குத்தான்னாரு. திரும்ப எழுதினேன். டெஸ்ட் இல்லாம சேக்க மாட்டோம்னாங்க, டெஸ்ட் எழுதினா விண்டோஸ்ல மட்டும் ஃபெயில், அதுவும் அஞ்சு தடவைல ஒரு தடவ, அந்த மாதிரி டெஸ்ட்டு இருக்கே, எதிரிக்கும் வரக்கூடாது.

ஒருவழியா என் பேட்ச் மெர்ஜ் ஆச்சு, அதாவது மெயின் கோடோட சேந்துச்சு, ரிலீஸ் நோட்ல ஒரு வரி. ரெண்டு வாரம் கழிச்சு யாரோ ஒருத்தர், கிராஷ் ஆனா தானா ரீஸ்டார்ட் ஆகும்னு நம்பித்தான் எங்க சிஸ்டத்த கட்டினோம், இப்ப கிராஷே ஆகலையே என்ன பண்றதுனு கேட்டாரு. சிரிச்சேன், அப்புறம் உக்காந்து அவருக்கு பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன்.