பிள்ளைக்குப் பேச்சு எங்கிருந்து வருகிறது? (குடியாத்தம் வாசகர் வட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். தலைமை தாங்குகிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயாவுக்கும், வார்டில் ஆயிரம் வேலை இருந்தும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிற நகர்மன்ற உறுப்பினர் அம்மாவுக்கும், மைக் செட்டுக்குக் காசே வேண்டாம் என்று அடம்பிடிக்கிற தம்பிக்கும், பேரப்பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிற ஆயாமார்களுக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தினீர்கள், சந்தோஷம். அந்தக் காசுக்கு நூலகத்துக்குப் புத்தகம் வாங்குங்கள் என்று போன தடவையே சொன்னேன், யார் கேட்கிறார்கள்?

நோட்டீஸில் மூன்று விஷயம் போட்டிருக்கிறது. பிள்ளை பேச்சை எப்படிப் பிடிக்கிறது, இரண்டு மூன்று மொழி காதில் விழுந்தால் குழம்புமா, பேச்சு தாமதமானால் என்ன செய்வது.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1957இல் ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளை எதையோ மழலையில் சொல்லும், பால் கிடைக்கும், கிடைத்ததால் மறுபடி சொல்லும், பேச்சும் இப்படிப் படிந்த பழக்கம்தான் என்பது அவர் கட்சி. 1959இல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி அதற்கு மதிப்புரை எழுதி வெளுத்து வாங்கிவிட்டார். காதில் விழாததையும் பிள்ளை பேசுகிறதே, அதற்கு யார் பரிசு கொடுத்தது? இலக்கணம் பிடிக்கிற திறன் மனிதருக்குப் பிறவியிலேயே உண்டு என்றார்.

இதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு தறிக்காரர் வீடு, இரண்டரை வயசுப் பொடியன். வாசற்படி தடுக்கி விழுந்தான், அழவில்லை, நேரே உள்ளே போய், “ஆயா, நான் விழுச்சேன்” என்றான். குடிச்சேன், கடிச்சேன், சிரிச்சேன் எல்லாம் கேட்டவன், இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று அவனே முடிவு கட்டிவிட்டான். ஆயா, “விழுந்தேன்னு சொல்லுடா நைனா” என்றார். “ஆமா ஆயா, விழுச்சேன்.” தாத்தா தறியை நிறுத்திவிட்டு வந்தார். “எங்கே, என்கூடச் சொல்லு, விழு...” பொடியனும் “விழு...” என்றான். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. “...ச்சேன்!” பக்கத்து வீட்டு அக்கா ஒரு முறுக்கை நீட்டி, “சரியா சொன்னா இது உனக்கு” என்றார். பயல் முறுக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, கடைசித் துண்டையும் மென்றுவிட்டுத் திரும்பி வந்து சொன்னான்: “முறுக்கு தின்னுச்சேன்!”

ஸ்கின்னர் ஐயாவின் கட்சி அந்த வாசலிலேயே டெபாசிட் இழந்தது.

சரி, பிறவித் திறன் இருந்தால் போதுமா? போதாது. நம் பெரியவர்கள் சொல்வார்கள், ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்று. பிள்ளையிடம் பேச்சு கறக்க, எதிரே ஆள் உட்கார்ந்து ஆட்டமும் பாட்டமுமாகப் பேச வேண்டும். பெரியவர்களின் பேச்சிலிருந்தும் அவர்கள் நோக்கத்திலிருந்தும்தான் பிள்ளை மொழியைக் கட்டுகிறது என்று உளவியலாளர் மைக்கேல் டொமசெல்லோ வாதாடுகிறார். குழந்தைகளின் பேச்சை ஆராய்கிற பட்ரீஷியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியை 12 அமர்வுகளில் கேட்கவிட்டார்கள். எதிரே ஆள் உட்கார்ந்து பேசிய குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்களை டிவியில் பார்த்தவை கற்கவில்லை. ஆடிக் கறக்கிற மாடு, டிவி போட்டால் கறக்குமா?

அதனால்தான் நான் போகிற மேடையெல்லாம் இந்தச் செல்போனைத் திட்டுகிறேன். கையில் போனைக் கொடுத்துச் சோறு ஊட்டாதீர்கள் என்று சொன்னால் மருமகள்கள் கோபிக்கிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள், அப்பா தறியில், பிள்ளையோடு பேச யார் இருக்கிறார்கள்? தெருவுக்குத் தெரு திண்ணையில் பெரியவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே! உறுப்பினர் அம்மாவிடம் என் கோரிக்கை இதுதான்: நம் அங்கன்வாடிகளில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அரைமணி நேரம், தெருப் பெரியவர்கள் வந்து கதை சொல்ல, பிள்ளைகளோடு வாயாட அனுமதி வாங்கித் தாருங்கள். தெலுங்கில் சொன்னாலும் உருதுவில் சொன்னாலும் பரவாயில்லை. பேரணாம்பட்டுத் தெருவில் மூன்று மொழியும் பேசித் திரிகிற பிள்ளைகளைப் பார்த்தாலே நோட்டீஸின் இரண்டாவது விஷயத்துக்குப் பதில் தெரிந்துவிடும்.

மூன்றாவது விஷயத்துக்குள் போவதற்குள் தலைவர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். பேச்சு தாமதமானால் முதலில் காதைச் சோதித்துப் பாருங்கள், மீதியை அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். அங்கன்வாடிக் கோரிக்கை மனு வாசலில் மேஜை மேல் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள்.