ஓடுகிற பிள்ளைக்கு ஓரமாக ஒரு ஃபிளாஷ்

வணக்கம், வாங்க. ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றித் தள்ளி வைத்து, வீட்டுக்குள்ளேயே குழந்தைகளைப் படம் எடுப்பது எப்படி என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். பெரியவர்களை எடுக்கச் சொல்லித்தரும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. "இங்கே உட்காருங்க, முகத்தைக் கொஞ்சம் திருப்புங்க" என்றால் பெரியவர்கள் உட்காருவார்கள், திருப்புவார்கள். மூன்று வயசுப் பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்! அதனால் இன்றைக்கு நான் சொல்லப்போவது முழுக்க ஒரே விஷயம்தான். வெளிச்சத்தை ஒரு பாய் அளவு இடத்துக்கு வையுங்கள். அந்தப் பாய்க்குள் பிள்ளை எங்கே நின்றாலும் படம் வர வேண்டும்.

சாமான் அதிகம் வேண்டாம். நான் வைத்திருப்பது கோடாக்ஸ் டிடி600. மேனுவல் மட்டும்தான், அதாவது பவரை நாமே கையால் வைக்க வேண்டும், ஆனால் ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. கேமரா மேல் ஃபிளாஷுக்கு "அடி" என்று சிக்னல் அனுப்பும் ட்ரிக்கர் ஒன்றை மாட்டினால் போதும், நடுவில் ஒயர் கிடையாது. ட்ரிக்கர் வாங்கும்போது உங்கள் கேமரா கம்பெனிக்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம் ஒரு ஸ்டாண்ட், ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பரப்ப ஒரு வெள்ளைக் குடை.

இப்போது தூரம். ஃபிளாஷிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப்போனால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். இதைக் குழந்தையோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். ஃபிளாஷ் ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கிறது. பிள்ளை அதை நோக்கி அரை மீட்டர் வந்துவிட்டது, அதாவது ஒரே ஒரு தத்து நடை. வெளிச்சம் நான்கு மடங்கு, இரண்டு ஸ்டாப் ஏறிவிட்டது (வெளிச்சம் இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்). முகம் வெளுத்துவிடும். அதே ஃபிளாஷ் மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் அதே அரை மீட்டருக்கு அரை ஸ்டாப் அளவுதான் மாறும். அதைக் கம்ப்யூட்டரில் சுலபமாகச் சரிசெய்யலாம்.

ஆனால் தள்ளி வைத்தால் வேறொரு தொல்லை. குடை தூரம் போகப்போக, பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் சின்னதாகிவிடும். வெளிச்சம் சின்னதானால் நிழல் கத்தி மாதிரி விழும், மூக்குக்குப் பக்கத்தில் கறுப்புக் கோடு. ஆக, தூரமும் வேண்டும், வெளிச்சம் பெரிதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் சுவர்தான். ஃபிளாஷ் தலையைப் பிள்ளைக்கு எதிர்ப்பக்கம் சுவரை நோக்கித் திருப்புங்கள். சுவரில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வெளிச்சம் படர்ந்து திரும்பி வரும், பெரிய ஜன்னல் திறந்த மாதிரி.

நம் வீடுகளில் இங்கேதான் சிக்கல். இதோ, இந்தச் சுவரைப் பாருங்கள், பிஸ்தா பச்சை. இதில் அடித்தால் பிள்ளை முகமும் பிஸ்தாதான். கேமராவில் நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸைத் திருகினால் முகம் சரியாகும், பின்னால் இருப்பதெல்லாம் நிறம் மாறும். சீலிங் வெள்ளையாகத்தானே இருக்கிறது, மேலே அடிக்கலாமே என்பீர்கள். மேலே ஃபேன் சுற்றுகிறது. ஒரு படத்தில் இறக்கை குறுக்கே வரும், அடுத்ததில் வராது, வெளிச்சம் படத்துக்குப் படம் மாறும். ஃபேனை நிறுத்தினால் ஐந்து நிமிஷத்தில் பிள்ளைக்கு வேர்த்து நச்சரிப்பு ஆரம்பித்துவிடும்.

அதனால் எனக்குப் பிடித்தது தெர்மோகோல். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற பெரிய ஷீட் இரண்டு வாங்கி, பக்கத்தில் பக்கம் வைத்துப் பேக்கிங் டேப் ஒட்டிவிட்டேன். பீரோ மேல் சாய்த்து நிறுத்தினால் வெள்ளைச் சுவர் தயார். சினிமா ஷூட்டிங்கிலும் இதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், கேவலமாக நினைக்காதீர்கள். அதுவும் இல்லையென்றால் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துக் கர்ட்டன் கம்பியில் போடுங்கள், கரை கீழே மறையட்டும்.

அடுத்தது பவர். முழுப் பவரில் வைக்காதீர்கள். முழுப் பவரில் ஒரு தடவை அடித்தால் மறுபடி தயாராகச் சில நொடி பிடிக்கும், பிள்ளை சிரிப்பது அந்தச் சில நொடிக்குள்தான். 1/8, 1/16 பவரில் உடனே உடனே அடிக்கும். இன்னொரு லாபமும் உண்டு. பவர் குறையக் குறைய ஃபிளாஷ் எரிகிற நேரமும் குறையும். முழுப் பவரில் சுமார் 1/300 நொடி எரிகிற ஃபிளாஷ், 1/16-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாகத்தான் எரியும். குதிக்கிற பிள்ளையின் தலைமுடிகூட தனித்தனியாக நிற்கும். குறைந்த வெளிச்சத்தை ஐஎஸ்ஓவில், அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவில், ஈடுகட்டுங்கள். குடை ஒன்றரை மீட்டரில் இருந்தால் ஐஎஸ்ஓ 400, லென்ஸ் துளை எஃப் 5.6. தெர்மோகோலில் அடித்தால் நிறைய வெளிச்சம் வீணாகும், அப்போது ஐஎஸ்ஓ 800, எஃப் 4. இன்றைய கேமராவுக்கு 800 ஒரு பொருட்டே கிடையாது.

ஷட்டர், அதாவது கேமரா திறந்திருக்கும் நேரம், 1/160 நொடி. பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250-ஐ விட வேகமாகப் போனால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். கீழே இறக்கினால் டியூப்லைட் வெளிச்சமும் உள்ளே வரும். 1/60-க்கு வந்துவிட்டால் முகம் ஃபிளாஷில் உறைந்து நிற்க, கை மட்டும் ஆவி மாதிரி இழுத்திருக்கும். முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். அது நன்றாக இருட்டாக வந்தால் சரி. அதற்காக டியூப்லைட்டை நிறுத்தாதீர்கள். இருட்டில் கேமரா ஃபோகஸ் தேடும், பிள்ளைக்கும் இருட்டில் பளிச்சென்று அடித்தால் பயம் வரும்.

டிடிஎல் (கேமராவே ஃபிளாஷ் பவரை முடிவு செய்வது) நல்லதா, மேனுவலா என்று கேட்பீர்கள். எனக்கு மேனுவல்தான். வெள்ளைச் சட்டைக்கு ஒன்று, கறுப்புச் சட்டைக்கு ஒன்று என்று டிடிஎல் மனசை மாற்றிக்கொண்டே இருக்கும். மேனுவலில் ஒரு படத்தைச் சரிசெய்தால் மற்றதெல்லாம் அதே கணக்கு.

இதையெல்லாம் பிள்ளை வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். தலையணையை நிமிர்த்தி வைத்து, பாயின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு படம் எடுத்துப் பாருங்கள். ஸ்டாண்ட் உயரத்தையும் அப்போதே பாருங்கள். பெரியவர்களுக்கு ஏற்றிவைத்த உயரத்திலேயே விட்டால் பிள்ளைக்கு வெளிச்சம் உச்சந்தலையில் விழும், கண் குழி இருட்டும். கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும், கடிகாரத்தில் பத்து மணி அல்லது இரண்டு மணி இருக்கிற இடத்தில். அது தெரியும்வரை இறக்குங்கள். நீங்களும் தரையில் உட்காருங்கள்.

எதிர்வீட்டுக் குட்டி வந்தாள், நான்கு வயசு, ஒரு கையில் முறுக்கு. வந்ததும் கேமராவை எடுக்கவே இல்லை. ஃபிளாஷின் பின்னால் இருக்கிற டெஸ்ட் பட்டனைக் காட்டி, "இதை அமுக்குடா செல்லம்" என்றேன். அமுக்கினாள். தெர்மோகோல் முழுக்கப் பளிச். முறுக்கு வாயிலேயே நிற்கிறது. "மின்னலா அத்தை?" என்றாள். அப்புறம் ஒரு ஐந்தாறு மின்னல் அவளே விட்டாள், பொம்மைக்கு ஒன்று, அவள் அம்மாவுக்கு ஒன்று. அதற்குப் பிறகு நான் அடித்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதோ, திரையில் பாருங்கள், முறுக்குத் துணுக்கு உதட்டோரம் ஒட்டியிருப்பதுவரை தெரிகிறது.

ஃபிளாஷ் தள்ளி இருப்பதால் கண் சிவப்பாக வராது. லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும்போதுதான் விழித்திரையின் சிவப்பு நேராகத் திரும்பி வரும். இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேர் ஃபிளாஷில் எடுத்த பழைய படங்களில் ஒரு கண் சிவப்பாகவும் இன்னொரு கண் வெள்ளையாகவும் தெரிந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். பார்க்கிற கோணத்தாலும் அப்படி வரலாம், ஆனால் சில கண் நோய்களுக்கும் விழித்திரைப் புற்றுநோய்க்கும் அது அறிகுறியாக இருக்கும். கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஸ்டாண்டின் காலில் ஐந்து கிலோ அரிசிப் பையைச் சாத்தி வையுங்கள். குடை காற்றுக்கே சாயும், பிள்ளை ஓடி வந்து இடித்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த வாரம் இரண்டு பிள்ளைகளை ஒரே பாயில் வைத்து எடுக்கப் பார்க்கிறேன். உங்கள் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று கீழே எழுதுங்கள், அதற்கேற்ற மாதிரி சொல்கிறேன். வரட்டுமா.