மண்ணுக்குள் போன பெட்ரோல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு தொழிற்சாலை வளாகத்தில் பூமிக்கடியில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது வருஷத்துக்கு முன்னால் புதைத்தது. அடிப்பக்கம் துருப்பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. மேலே சிமெண்ட் தளம் காய்ந்தேதான் கிடக்கும். பக்கத்துத் தெருவில் யாராவது குழாயைத் திறந்து, தண்ணீரில் பெட்ரோல் வாடை அடித்தால்தான் விஷயம் வெளியே வரும். 2013-ல் சென்னை தண்டையார்பேட்டை மக்களுக்கு அப்படித்தான் தெரியவந்தது. அங்கே கசிந்தது டேங்க் அல்ல, எண்ணெய் கொண்டுபோகிற குழாய்.

கசிவு தெரிந்ததும் பெரும்பாலும் முதலில் சொல்வது, "ஜேசிபியை வரவழைத்து அள்ளிவிடலாம்" என்பதுதான். கசிவு சின்னது, ஆழமும் குறைவு என்றால் சரி. ஆனால் அள்ளிய மண் எங்கே போகிறது? லாரியில் ஏறி, ஊருக்கு வெளியே ஏதோ ஒரு பள்ளத்தில், இன்னொருவர் கிணற்றுக்குப் பக்கத்தில் போய் விழுந்தால், அதைச் சுத்தம் செய்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைத் தொட்டதும் அதன்மேல் மிதக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் பெட்ரோலும் கூடவே இறங்கும். மழைக்காலத்தில் ஏறினால் அதுவும் ஏறும். அந்த ஏற்ற இறக்கம் முழுக்க மண்துகள்களில் பூசிக்கொண்டே போகும். மிதப்பதைப் பம்ப் வைத்து எடுத்துவிட்டாலும் பூசியது அங்கேயே இருக்கும். கொஞ்சம் ஆவியாகி மண்ணின் இண்டு இடுக்குகளில் நிற்கும், கொஞ்சம் தண்ணீரில் கரைந்து நகரும். கரைவது சிறிதளவுதான், ஆனால் அதில் பென்சீன் இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு லிட்டர் பெட்ரோலில் 1 சதவீதம் பென்சீன் இருந்தால், அது மட்டுமே எட்டு லட்சம் லிட்டருக்கும் அதிகமான தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுபோய்விடும்.

ஆவியை எடுக்க ஒரு வழி உண்டு. ஓட்டை போட்ட குழாய்களை மண்ணில் இறக்கி, மேலிருந்து பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி, கரி நிரப்பிய தொட்டி வழியாக விடுவார்கள். பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிறது என்பதால் மணற்பாங்கான இடத்தில் இது நன்றாக வேலை செய்யும். களிமண்ணில் காற்று நகரவே நகராது.

மீதியைத் தின்ன ஆள் மண்ணிலேயே இருக்கிறது. நுண்ணுயிர்கள்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆம்ப்ளர் என்ற ஊரில் எரிபொருள் குழாய் கசிந்த இடத்தில், 1972-லேயே அவற்றுக்குத் தீனி கொடுத்து வேலை வாங்கினார்கள். தீனி என்றால் புதிதாக எதுவும் இல்லை, நம் விவசாயிகள் சொல்கிற தழைச்சத்தும் மணிச்சத்தும்தான். அதோடு காற்று வேண்டும். ஒரு கிலோ பெட்ரோலைத் தின்று முடிக்க 3 கிலோ அளவுக்கு ஆக்சிஜன் தேவைப்படும். ஒரு லிட்டர் தண்ணீரில் எட்டு, ஒன்பது மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். அதே ஒரு லிட்டர் காற்றில் 250 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதனால்தான் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள மண்ணில் மெதுவாகக் காற்றைச் செலுத்துகிறார்கள். தோண்டி எடுத்த மண்ணாக இருந்தால், கசியாத விரிப்பின்மேல் குவித்து, உள்ளே குழாய் வைத்துக் காற்று விட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வார்கள். எருக்குழியைக் கிளறிவிடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தென் கரோலினா மாநிலத்தில் ஹனஹான் என்ற ஊர். 1975-ல் அங்கே ராணுவ எரிபொருள் கிடங்கிலிருந்து சுமார் 3 லட்சம் லிட்டர் விமான எரிபொருள் கசிந்தது. உடனே முடிந்தவரை மீட்டார்கள். ஆனாலும் ஒரு பகுதி மணலில் இறங்கிவிட்டது. 1985-க்குள் மாசு பக்கத்துக் குடியிருப்பைத் தொட்டுவிட்டது. இந்தப் பத்து வருஷ இடைவெளி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த மண்ணைத் தோண்டி எடுப்பது நடைமுறையில் முடியாத காரியம். தண்ணீரை மட்டும் இறைத்தால் மூலம் அப்படியே இருக்கும். அங்கேயுள்ள நுண்ணுயிர்கள் ஏற்கெனவே எரிபொருளைத் தின்றுகொண்டிருப்பதை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்தது. 1992-ல் மண்ணுக்குள் சத்துகளை இறக்கினார்கள், கூடவே கெட்ட நீரை இறைத்தார்கள். 1993 முடிவில் குடியிருப்புப் பகுதியில் மாசு 75 சதவீதம் குறைந்திருந்தது. சத்து இறக்கிய இடத்துக்கு அருகே, நூறு கோடியில் 5,000 பங்குக்கு மேல் டொலுவீன் என்ற எரிபொருள் நச்சு இருந்த நிலத்தடி நீரில், அப்புறம் அது அளவிடக்கூட இல்லாமல் போனது.

தொழிற்சாலை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பம்ப்பை நிறுத்திய அன்றே மண்ணைச் சோதித்து "முடிந்தது" என்று கையெழுத்துப் போடாதீர்கள். துகள்களில் ஒட்டியிருப்பது மெல்ல மெல்ல வெளியே வரும், சில மாதங்களில் அளவு மறுபடி ஏறும். கண்காணிப்புக் கிணறுகளை மூடாமல் வையுங்கள். ஒரு கோடை, ஒரு மழைக்காலம் போகட்டும். நீர்மட்டம் இறங்கி ஏறிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். அந்த முடிவைப் பக்கத்துத் தெருக்காரர்களிடமும் காட்டுங்கள், அவர்கள் குடிக்கிற தண்ணீர் அது.

நன்றி, வணக்கம்.