கூட்டத்தோடு போவது அறியாமையா, கூடி வாழும் இயல்பா?

நடுவர் அவர்களே, பாம்பன் கரையில் திரண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். புதிது புதிதாக வரும் மோகங்களின் பின்னால் மக்கள் போவது அறியாமையாலா, கூடி வாழும் இயல்பாலா என்பது தலைப்பு. இயல்பால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் ரீல்ஸ் எடுக்கும் பிள்ளைகளில் ஆரம்பித்து, ஈமு கோழி வரைக்கும் போய், 'செம்மறியாட்டுக் கூட்டம்' என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அந்தச் சொல்லை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

விடியற்காலையில் நம்ம கரையில் நடக்கும் ஏலத்தைப் பாருங்கள். ஒரு வள்ளம் வந்து சேருகிறது, கூடை இறங்குகிறது. சுற்றி நிற்கும் மீனவர்கள் விலையோடு விட்டுவிடுவார்களா? வடகடலா, தென்கடலா, எத்தனை பாகம் ஆழம், எந்த வலை என்று பேச்சோடு பேச்சாக விசாரிப்பார்கள். மறுநாள் நாலு வள்ளம் அதே திசைக்குப் போகும். தண்ணீருக்கு அடியில் மீன் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. அள்ளி வந்தவரைப் பார்த்துப் போவதைவிடப் புத்திசாலித்தனம் வேறு என்ன இருக்கிறது?

கடற்பாசி வளர்ப்பும் இப்படித்தான் வந்தது. மண்டபத்தில் 1990களில் சோதித்துப் பார்த்த கப்பாபைகஸ் பாசி, 2000-க்குப் பிறகு ஊருக்குள் பரவியது. பெப்சி நிறுவனம் அதில் இறங்கியதால் ஜனங்கள் வைத்த பேர் 'பெப்சி பாசி'. காலங்காலமாகக் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரைப் பாசியும் பறித்த பெண்கள், யாரோ மேடை போட்டுச் சொன்னார்கள் என்றா இதில் இறங்கினார்கள்? பக்கத்து வீட்டு அக்கா 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை கட்டியதைப் பார்த்தார்கள். கயிறு கயிறாகப் பாசித் துண்டுகளை முடிந்ததைப் பார்த்தார்கள். 45 நாளில் அறுத்து, மணலில் காயவைத்து, விற்ற காசு அவள் கைக்கு வந்ததைப் பார்த்தார்கள். அப்புறம்தான் இறங்கினார்கள். 2013-க்குப் பிறகு கடல் சூடேறிப் பாசி அழுகி எல்லோருக்கும் ஒருசேர அடி விழுந்தது, அதை மறைக்க மாட்டேன். கூட்டத்தோடு போவதில் அந்த ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கடல் சூடேறியதற்கு அந்தப் பெண்களின் அறிவையா குறை சொல்வீர்கள்?

சரி, ஈமுவுக்கு வருகிறேன். பணம் கட்டினால் வளர்க்க ஈமு கோழி கொடுத்து மாதாமாதம் காசும் தருகிறோம் என்ற திட்டம் 2012-ல் கொங்குப் பக்கம் கவிழ்ந்தபோது எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மாதாமாதம் பணம் வருவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் அடுத்தவர் பணம் கட்டினார். அயலாரை நம்பி வாழும் குணத்தையே தூண்டிலாக்கியவர்களை விட்டுவிட்டு, நம்பியவர்களை ஆடு என்று திட்டுவது அநியாயம் நடுவர் அவர்களே.

ரீல்ஸ் எடுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த இடத்தின் கதை தெரியும். தனுஷ்கோடியை அழித்த 1964 புயலைத் தாத்தா வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வகுப்பே போய் வந்த இடத்துக்குத் தான் மட்டும் போகாவிட்டால், மறுநாள் பேச்சில் தனக்கு இடமில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தத் தவிப்பை மடத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசியாக ஒன்று. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் 1950களில் ஒரு சோதனை நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் அதே நீளம் எது என்று கேட்டார். தனியாக இருந்தால் யாரும் தவறுவதில்லை என்றே சொல்லலாம். ஆனால் கூட இருந்தவர்கள், முன்கூட்டியே பேசிவைத்தபடி தப்பான கோட்டைக் காட்டியபோது, நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது அவர்களோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். இதைத்தானே நாங்களும் சொல்கிறோம் என்பார் எதிரணித் தலைவர். மீதியையும் கேட்கட்டும். அதே கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியாகச் சொல்ல வைத்தார் ஆஷ். உடனே தப்பு மளமளவென்று குறைந்துவிட்டது. கோடு அதே கோடு, கண்ணும் அதே கண். புதிதாக எந்த விவரமும் யாரும் சொல்லித்தரவில்லை, பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் கிடைத்தார், அவ்வளவுதான். அறியாமைதான் காரணம் என்றால், துணை வந்ததும் அது எங்கே போனது? எதிரணித் தலைவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.