மனம் மாறிய இடம்

நேயர்களுக்கு வணக்கம். கதையில் ஒரு பாத்திரத்தின் மனம் மாறிவிட்டது என்பதை நாம் எதைக் கொண்டு நம்புகிறோம்? "அன்று முதல் அவன் புது மனிதனானான்" என்று ஆசிரியர் எழுதிவிட்டால் செய்தி கிடைத்துவிடுகிறது, நம்பிக்கைதான் வருவதில்லை.

உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று பெயரிட்டு, நகை முதல் உவகை வரை எட்டாக வகுத்துப் பேசுகிறது. கண் சிவப்பதும் குரல் தழுதழுப்பதும் அந்தந்தக் கணத்தின் உணர்வைக் காட்டப் போதுமானவை. ஆனால், மாற்றத்தைக் காட்டுவதற்கு இரண்டு கணங்கள் வேண்டும்; இரண்டிலும் இடம்பெறும் ஒரு பொதுப் பொருளும் வேண்டும். அந்தப் பொருளைத் தேர்வதில்தான் எழுத்தாளரின் திறமை தெரிகிறது என்பது என் எண்ணம்.

ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் 1875 முதல் 1877 வரை தொடராக வெளியிட்ட 'அன்னா கரீனினா'வை எடுத்துக்கொள்வோம். மாஸ்கோவில் தன்னைக் கவர்ந்த இளம் ராணுவ அதிகாரி விரான்ஸ்கியைச் சந்தித்துவிட்டுப் பீட்டர்ஸ்பர்க் திரும்பும் அன்னா, தன்னை அழைத்துச்செல்ல ரயில் நிலையத்துக்கு வந்து நிற்கும் கணவரைப் பார்க்கிறாள். அவள் கண்ணில் உறுத்துவது அவருடைய காதுகள். இவை ஏன் இப்படி ஆகிவிட்டன என்று வியக்கிறாள். காதுகளுக்கு ஒன்றும் நேரவில்லை. பல ஆண்டுகள் உடன் வாழ்ந்தும் கவனத்தில் படாத ஒன்று இன்று துருத்திக்கொண்டு தெரிகிறதென்றால், மாறியிருப்பது பார்க்கும் கண்ணே. தன் மனம் போன திசையை அன்னா தனக்குத்தானே ஒப்புக்கொள்வதற்கு முன்பே வாசகருக்கு அது தெரிந்துவிடுகிறது. ஒரு பாத்திரத்தின் கண் வழியே கதையைக் காட்டும், பார்வைக் கோணம் என்று திறனாய்வாளர்கள் சொல்லும் உத்தி இங்கே ஒரு சாட்சியைப் போல வேலை செய்கிறது.

அதே ஆசிரியரின் 'போரும் அமைதியும்' நாவலில் வரும் கருவாலி (ஓக்) மரம் இதைவிடப் புகழ்பெற்ற குறியீடு. வாழ்வில் கசந்துபோன இளவரசர் ஆந்த்ரேய், வசந்தத்திலும் தளிர்க்காமல் நிற்கும் அந்த முதிய மரத்தைத் தம் கட்சியாகக் கருதுகிறார். நத்தாஷா என்ற இளம்பெண்ணின் குரலைக் கேட்டபின் திரும்பி வரும்போது அது இலை செழித்து நிற்கிறது. அழகான இடம்தான் என்றாலும், பருவம் மாறினால் மரம் தானே தளிர்க்கும் என்பதால், காதுகள் அளவுக்கு இது என்னைக் கவர்வதில்லை. இதைக் காப்பாற்றுவது ஒரு சிறு நுட்பம்: தாம் தேடிக்கொண்டிருந்த மரத்தையே, அதுதான் என்று அறியாமல், அவர் வியந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். மனமாற்றக் குறியீடுகளாக வரும் மழை, கண்ணாடி, கனவு ஆகியவற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. அளவுக்கு மீறிப் புழங்கி மழுங்கிவிட்டன.

தமிழுக்கு வாய்த்த ஒரு கருவி மரியாதை விகுதி. புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' கதையில், இராமனை வணங்கத்தக்கவனாகவே கருதிவந்த அகலிகையிடம் சீதை தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். "அவர் கேட்டாரா?" என்று தொடங்கும் அகலிகையின் கேள்வி, சீதையின் அமைதியான பதிலுக்குப் பிறகு "அவன் கேட்டானா?" என்று வெடிக்கிறது. ஆள் ஒருவனே, கேள்வியும் ஒன்றே. 'ஆர்' போய் 'ஆன்' வந்த அந்த இடத்தில் ஒரு தெய்வம் அவள் மனத்திலிருந்து இறங்கிவிடுகிறது. அடுத்தபடியாக அவள் மனத்தில் கண்ணகி வெறி எழுந்ததாக ஆசிரியர் சொல்வது எனக்குச் சற்று மிகையாகவே தோன்றுகிறது; விகுதியே அந்த வேலையை முடித்துவிட்டது.

கதையின் முடிவில் அகலிகை மறுபடி கல்லாகிறாள். முதல்முறை அவளைக் கல்லாக்கியது கணவன் இட்ட சாபம். இம்முறை சபித்தவர் எவருமில்லை. அந்த விகுதி மாற்றத்தைக் கவனிக்காமல் கடந்துவிட்ட வாசகருக்கு இம்முடிவு வெறும் மாயமாகப் படலாம். கவனித்தவருக்கு வேறு முடிவு சாத்தியமில்லை என்றே படும்.

நன்றி, வணக்கம்.