மாரிச் சட்டியில் அரைப் பேணி கோப்பி

நடுவர் ஐயா அவர்களே, இந்த மழைக்குள்ளும் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் சனசமூக நிலையத்தை நிரப்பியிருக்கும் ஊரவர்களே, எதிரணித் தலைவர் மாஸ்டர் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மாரிகாலத்துக் கறிச்சட்டிக்குக் கோப்பி உகந்ததா, அது குடிக்கிறதோடு நிற்க வேண்டியதா என்பதுதான் வழக்கு. மாஸ்டர் நன்றாகப் பேசினார். கறிக்குள் கோப்பி ஊற்றுவது வெள்ளைக்காரப் புதினம் என்றார், கறி கைத்துப்போகும் என்றார், மாரியில் பாதி நாள் விரதம், இறைச்சிக்கு எங்கே போவீர்கள் என்றார். போதாததற்கு, "நாளைக்குத் தேத்தண்ணியில் புட்டு அவிப்பீர்களோ?" என்றும் கேட்டார். சபை சிரித்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் சிரிப்பு வந்தது.

சரி மாஸ்டர், நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் முந்தி கோப்பித்தூள் எப்படி இடித்தார்கள்? கடைப் பக்கற்றை விடுங்கள். எங்கள் அம்மம்மா தாச்சியை அடுப்பில் வைத்து முதலில் கோப்பிக் கொட்டையைப் போடுவா. பச்சைக் கொட்டை மஞ்சளாகி, மண்ணிறமாகி, மெல்லிய வெடிச் சத்தம் கேட்கும்வரை அகப்பை நிற்காது. கொட்டையை இறக்கிவிட்டு அதே சூட்டில் மல்லி, ஒரு பிடி மிளகு, தட்டிய வேர்க்கொம்பு. எல்லாம் ஆறியதும் உரலுக்குப் போகும். அடுத்த நாள் அதே தாச்சியில், அதே அகப்பையால், செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், நற்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை. அது கறித்தூள். மல்லியும் மிளகும் இரண்டு போத்தலிலும் இருக்கின்றன. வேர்க்கொம்பின் பச்சை உருவமான இஞ்சி இறைச்சிச் சட்டியில் முதல் ஆளாக நிற்கிறது. தடிமன் வந்தால் குடிக்கிற கோப்பியும் புட்டுக்கு ஊற்றுகிற குழம்பும் ஒரே தாச்சியில் வறுபட்ட சகோதரங்கள். அவற்றை ஒரு சட்டியில் சேர்த்தால் கலப்படம் என்கிறார் மாஸ்டர்.

யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்குப் பெயர் வந்ததே அந்தக் கறுக்க வறுத்த பதத்தால்தானே? வறுக்கும்போது நிறமும் கைப்பும் மணமும் சேர்ந்து பிறக்கின்றன. கோப்பிக்கும் அதே கதைதான். கோப்பி மணத்துக்கு முக்கியமான பொருள்களில் ஒன்று ஃபர்ஃபூரைல்தயோல். வாயில் நுழையாத பெயர், ஆனால் மூக்குக்குப் பழக்கமானது: வறுத்த எள்ளிலும் சமைத்த இறைச்சியிலும் அது இருக்கிறது. இதை வைத்துக்கொண்டுதான் விரதக் கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

வெள்ளைக்காரப் புதினமா? அமெரிக்காவின் தென்பகுதியில் பன்றித்தொடை பொரித்த சட்டியில் கறுப்புக் கோப்பி ஊற்றிக் குழம்பு எடுக்கிறார்கள். சுவீடனில் ஆட்டுத்தொடை சுடும்போது கோப்பி ஊற்றுகிறார்கள். ஆனால் சிங்கப்பூரில் சீனர்கள் பன்றி விலாவைக் கோப்பிப் பாகில் பிரட்டி விற்கிறார்களே, அவர்களும் வெள்ளைக்காரரோ? அந்நியம் என்று தள்ளுவதானால் செத்தல் மிளகாயையும் தள்ளுங்கள், அது போர்த்துக்கீசரோடு கப்பலில் வந்தது. மிச்சக் கறியை மாஸ்டரே சாப்பிடட்டும். கோப்பியாவது இந்தத் தீவின் மண்ணில் விளைந்தது. 1869இல் இலைத்துரு நோய் விழுந்து தோட்டங்களை அழிக்கும்வரை மலைநாட்டின் பெரும்பயிர் அதுதான், தேயிலை அல்ல. தமிழகத்தில் இருந்து வந்து, மன்னாரில் இறங்கி, மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்த எங்கள் சனம் முதலில் நடந்தது கோப்பித் தோட்டங்களுக்குத்தான். அந்தக் கொட்டையை அந்நியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் கைப்பு. இதில் மாஸ்டர் சொன்னது முழுப்பொய் அல்ல. நான் முதல்முறை செய்தபோது உடனடிக் கோப்பித்தூளை மூன்று கரண்டி நேரே சட்டிக்குள் கொட்டி, முக்கால் மணித்தியாலம் கொதிக்கவிட்டேன். வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "கசாயத்துக்குள் ஏன் எலும்பு போட்டனீர்?" என்று கேட்டார். பிழை கோப்பியில் இல்லை, என் கையில். இப்போது ஒரு கிலோ ஆட்டிறைச்சியை இரண்டாம் பாலில் நன்றாக அவியவிட்டு, கடைசியில்தான் கோப்பியை எடுக்கிறேன். அரைப் பேணி கொதிநீரில் தூளைப் போட்டு, நாலு நிமிடம் மூடி வைத்து, துணியில் வடித்து, தெளிவை மட்டும் ஊற்றுகிறேன். மண்டி போனால் பல்லில் நறநறக்கும். பிறகு இரண்டே கொதி, மேலே முதற்பால். தேங்காய்ப்பாலின் கொழுப்பு கைப்பின் கூர்மையை மழுக்கிவிடும். ஒரு பாக்களவு பனங்கட்டி போட்டால் இன்னும் நல்லது. வெறும் கோப்பிக்குப் பனங்கட்டி கடித்த ஊர்தானே இது. கறி கணவாய்க் கறிபோலக் கறுத்து மினுங்கும். கோப்பி எங்கே என்று நாக்கு தேடும், பிடிபடாது.

பழப்புளி கரைத்த மீன் குழம்பில் மட்டும் கோப்பியைக் கிட்டவும் விடாதீர்கள். புளியும் கைப்பும் சண்டை பிடிக்கும். அந்த ஒரு புள்ளியை மாஸ்டரின் அணிக்கே தருகிறேன். ஆனால் மாரியில் வடமராட்சிக் கடல் பொங்கிக் கிடக்கிறபோது நல்ல மீன் தினமும் கிடைக்கிறதா? அங்கேதான் காலமும் பொருந்துகிறது. சித்திரையை ஒட்டிய மழைக்குப் பூக்கிற கோப்பி, எட்டு ஒன்பது மாதம் எடுத்து, எங்களுக்கு மாரி பெய்கிற நேரத்தில்தான் மலையில் சிவக்கிறது.

இப்போது விரதம். ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறு நாள், பிறகு பிள்ளையார் கதை இருபத்தொரு நாள், மார்கழியில் திருவெம்பாவை பத்து நாள். இந்த நாள்களில்தான் மரக்கறிச் சட்டிக்குக் கனம் தேவைப்படுகிறது. கத்தரிக்காயைப் பொரித்து, கறித்தூளோடு பாலில் கூட்டி, இறக்குமுன் அந்த வடித்த கோப்பியில் நாலு மேசைக்கரண்டி விட்டுப் பாருங்கள். கொண்டைக்கடலையிலும் செய்யலாம். எள்ளுக்கும் இறைச்சிக்கும் பொதுவான அந்த மணம் மரக்கறிக்கு வந்து ஏறும். விரதக்காரருக்கு இறைச்சி நினைவு வந்தால் அந்தப் பாவம் எனக்கல்ல, ஃபர்ஃபூரைல்தயோலுக்கு.

பிள்ளைகளுக்கு நித்திரை வராது என்று எதிரணித் தங்கச்சி ஒருவர் சொன்னார். ஆறு பேருக்கு ஆக்கிய சட்டிக்குள் போவது ஒரு ஆள் குடிக்கிற கோப்பியின் தூள்தான். அதை ஆறாகப் பிரித்தால், மழைக்குத் தவளை கத்துகிற சத்தம்தான் பிள்ளையை எழுப்பும்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, அரை நிமிடம். மாஸ்டரின் வீட்டுக்கார அக்கா மூன்றாம் வரிசையில் இருந்து எவ்வளவு தூள் என்று கையால் கேட்கிறா. இரண்டு தேக்கரண்டி, அக்கா. குவித்துப் போடாதீங்கோ, மட்டமாக.